பவளத் தொட்டியில் பாசி மண்டுகிறதா? லாலாங் புல் சொல்லும் பாடம்

கடற்பாசி என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது விருந்து நாளில் தட்டில் குலுங்கும் அகார் அகார்தான். ஆனால் வரவேற்பறையில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவரிடம் அதே சொல்லைச் சொன்னால் முகம் வாடிவிடும். ஆசை ஆசையாக வளர்த்த பவளத்தை மூடிக்கொண்டு மண்டும் பச்சைப் பாசிதான் அவர் நினைவுக்கு வரும்.

பெரும்பாலும் கதை ஒரே மாதிரிதான் போகிறது. தாமான் வீடு ஒன்றில் தொட்டி வருகிறது. ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து விளக்கு, பம்ப், உப்புக் கலவை, குளிரூட்டும் கருவி எல்லாம் வாங்குகிறார்கள். பிள்ளைகள் கேட்ட ‘நீமோ’ மீன் இரண்டும் சிறு பவளத் துண்டுகள் நான்கும் வந்து சேர்கின்றன. முதல் மாதம் வருகிறவர்கள் எல்லாரும் தொட்டியின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். மூன்றாம் மாதம் கல்லில் பச்சை மயிர் போல ஏதோ முளைக்கிறது. ஐந்தாம் மாதம் பவளம் இருந்த இடமே தெரிவதில்லை. கடைக்காரர் கொடுத்த ‘பாசி மருந்து’ ஊற்றப்படுகிறது. பாசி சாகிறதோ இல்லையோ, நத்தையும் இறாலும் செத்துவிடுகின்றன. மின்கட்டணத்தைப் பார்த்து வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது. ஆறு மாதத்தில் தொட்டி விற்பனைக்கு வருகிறது.

இதில் போவது பணம் மட்டுமன்று. தொட்டிக்கு வரும் பவளங்களிலும் மீன்களிலும் பல, கடலில் இருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்ட உயிர்கள். அவற்றை வாங்கியவருக்கு அவற்றைக் காக்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. பாசி ஏன் மண்டுகிறது என்பது புரிந்துவிட்டால் இந்தக் கதையின் முடிவை மாற்றலாம். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தோட்டத்தில் லாலாங் புல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

பாசி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அது நாமே காசு கொடுத்து வாங்கிய கல்லிலும், பவளத் துண்டின் அடிப்பாகத்திலும், நத்தையின் ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துணுக்கு போதும். எனவே பாசியே இல்லாத பவளத் தொட்டி கிடையாது. கடலில் உள்ள பவளப்பாறையிலும் பாசி உண்டு. அங்கே மீன்களும் கடல் முள்ளெலிகளும் இடைவிடாமல் மேய்வதால் அது தலைதூக்குவதில்லை. மேய்ச்சல் நின்று, உரமும் கூடிவிட்டால் அதே பவளப்பாறை பாசிக்காடாகிவிடும். வீட்டுத் தொட்டியில் நடப்பதும் அதுதான்.

பாசி வளர மூன்று வேண்டும்: வெளிச்சம், உரம், இடம். வெளிச்சத்தை ஒரேயடியாக நிறுத்த முடியாது. தொட்டிகளில் வளர்க்கப்படும் பெரும்பாலான பவளங்களின் உடலுக்குள்ளேயே நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பாசியைப் பட்டினி போட விளக்கை அணைத்தால் பவளமும் பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று நாள் இருட்டைப் பவளம் தாங்கும். தடித்த பாசியும் தாங்கிவிடும். ஆகவே கை வைக்க வேண்டிய இடங்கள் உரமும் இடமும்தான்.

உரம் மீன் உணவில் இருக்கிறது

தொட்டியில் யாரும் உரம் போடுவதில்லை. ஆனால் நாள்தோறும் மீனுக்கு உணவு போடுகிறார்கள். மீன் தின்றது போக மிஞ்சியதும், தின்று கழித்ததும் நீரில் அழுகுகின்றன. அதிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அதைப் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உணவில் உள்ள பாஸ்பரஸ், பாஸ்பேட்டாக நீரில் கலக்கிறது. செம்பனைக்குப் போடும் உரமூட்டையில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் இவையேதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த மீன் உணவில் சுமார் 1 விழுக்காடு பாஸ்பரஸ் இருப்பதாகக் கொள்வோம். 1 கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறினால் ஏறக்குறைய 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.15 மில்லிகிராமாகப் பரவும். பவளத் தொட்டியில் பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒரு சிட்டிகை உணவு கூடிப்போனாலே எல்லை தாண்டிவிடுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் உணவு போடுவது இங்கே பெரிய சிக்கல். காலையில் அப்பா போடுகிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளை போடுகிறது. மீன் கண்ணாடிக்கு அருகில் வந்து வாயைத் திறக்கிறதே என்று பாட்டி மனம் இளகி மாலையில் ஒரு பிடி போடுகிறார். யாரும் தவறு செய்யவில்லை. பாசிக்குத்தான் மூன்று வேளை விருந்து. உணவுப் புட்டியை ஒருவர் பொறுப்பில் விடுவது, தொட்டி வைத்திருப்பவர் செய்யக்கூடிய செலவில்லாத முதல் வேலை. உறைந்த உணவாக இருந்தால் நன்னீரில் இளக்கி, வலையில் வடிகட்டி, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே போதும்.

உரம் வரும் இரண்டாவது வழி குழாய் நீர். அதில் குளோரின் மட்டுமல்லாமல் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்றவையும் இருக்கலாம். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் குழாய் நீரை ஊற்றினால் இவை தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஆவியாகப் போவது நீர் மட்டும்தானே. அதனால்தான் ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, அயனிகளும் நீக்கப்பட்ட நீர் பரிந்துரைக்கப்படுகிறது. வடிகட்டி பழையதாகிவிட்டதா என்பதைக் கரைபொருள் அளக்கும் சிறு கருவி காட்டிக்கொடுக்கும். வடிகட்டிய நீரில் அது பூச்சியத்தைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். நீரில் பாஸ்பேட் குறைந்ததும் மெல்ல வெளியே விடும். பழைய தொட்டியிலிருந்து மலிவாக வாங்கிய கல்லில் பாசி விடாமல் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட கல் தெளிய மாதக்கணக்கு ஆகலாம்.

சோதனை பூச்சியம் காட்டும்போது

நீரைச் சோதித்தால் நைட்ரேட் பூச்சியம், பாஸ்பேட் பூச்சியம். தொட்டி முழுக்கப் பாசி. சோதனைப் பெட்டி பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பதுண்டு. பெட்டியில் பழுதில்லை. நீரில் கலக்கும் உரத்தை அந்தக் கணமே பாசி உறிஞ்சிவிடுகிறது. சோதனை காட்டுவது நீரில் மிஞ்சியதை மட்டும்தான். உரம் பாசியின் உடலுக்குள் இருக்கிறது. சம்பளம் வந்த அன்றே செலவாகிவிடும் வீட்டில் வங்கிப் புத்தகத்தைப் பார்த்தால் வருமானமே இல்லை என்றுதான் தோன்றும்.

அடுத்த தவறு இங்கேதான் பிறக்கிறது. பூச்சியம் காட்டும்போதே பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்களை மேலும் மேலும் போடுகிறார்கள். பவளத்துக்கும் ஓரளவு உரம் வேண்டும். முழுக்க வற்றிவிட்டால் அது வெளிறும். அது மட்டுமன்று, பாசி அடங்கிய இடத்தில் டைனோ எனப்படும் பழுப்பு நிறக் கொழகொழப்பு படர இடம் கிடைத்துவிடும். அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடக் கடினம். எனவே குறி பூச்சியமாக இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பாஸ்பேட் மேலே சொன்ன அளவிலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பதே போதும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஒன்றுக்கு எடுபடும் வழி இன்னொன்றுக்கு எடுபடாது.

மயிர்ப்பாசி: மெல்லிய பச்சை நூல் போல இருக்கும். கையால் பிடுங்கினால் எளிதில் வரும். நத்தையும் முள்ளெலியும் தின்னும். புதுத் தொட்டியில் முதல் சில மாதங்களில் இது வருவது இயல்பு.

பிரையோப்சிஸ்: பார்வைக்கு மயிர்ப்பாசி போலத் தோன்றினாலும் ஒவ்வோர் இழையும் பறவை இறகு அல்லது பெரணி இலை போலக் கிளைத்திருக்கும். பெரும்பாலான உயிரினங்கள் இதைத் தொடுவதில்லை. ஆரம்பத்திலேயே பிடுங்கி எறியாவிட்டால் பெருந்தலைவலி.

குமிழ்ப்பாசி: பச்சைக் கண்ணாடி மணி போல உருண்டையாக இருக்கும். வலோனியா என்பது இதன் பெயர். ஒரு குமிழ் முழுவதும் ஒரே ஓர் உயிரணு என்பது வியப்பான செய்தி. தொட்டிக்குள்ளேயே நசுக்கி உடைத்தால் உள்ளிருப்பது நீரில் கலந்து புதிய குமிழ்கள் முளைக்க வழியாகலாம். கல்லை வெளியே எடுத்து, அடியோடு நெம்பி எடுப்பதே நல்லது.

காலெர்ப்பா: திராட்சைக் கொத்து, இறகு, வாள் எனப் பல வடிவங்களில் வரும். கல்லின் மேல் கொடி ஓட்டி, ஆங்காங்கே வேர் போன்ற பிடிப்புகளை ஊன்றிக்கொண்டு போகும். சபா மக்கள் ‘லாத்தோக்’ என்று சொல்லி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து உண்ணும் பச்சைக் கடல் திராட்சை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சிவப்புச் சளி: வெல்வெட் துணி போலப் படர்ந்து, ஊதினால் தாள் போலப் பெயர்ந்து வரும். இது பாசி இனமே அன்று, பாக்டீரியா. நீரோட்டம் குறைந்த, கழிவு தேங்கும் மூலைகளில் வரும்.

இளஞ்சிவப்புப் பூச்சு: கல்லின் மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கெட்டியாகப் படிவது சுண்ணாம்புப் பாசி. இது நண்பன். இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றப் பாசிகள் வேரூன்ற விடாமல் தடுக்கும். தெரியாமல் இதையும் சுரண்டி எடுத்துவிடுபவர்கள் உண்டு.

லாலாங் புல்லின் பாடம்

லாலாங் புல்லை மேலாக அரிந்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஒரு மழைக்கு மறுபடி நிற்கும். மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கு வேரில் ஒரு துண்டு மிஞ்சினாலும் அது புதுச் செடி. காலெர்ப்பாவும் அப்படித்தான். கிளைகளும் கொடியுமாகப் பரந்து கிடந்தாலும் ஒரு முழுச் செடியும் உட்சுவர் இல்லாத ஒரே பெரிய உயிரணு. அறுபட்ட இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு, அறுந்த துண்டும் தனிச் செடியாக வளர்ந்துவிடும். தொட்டிக்குள் கையை விட்டுப் பிய்த்துப் பிய்த்து எறிந்தால், நீரில் மிதக்கும் ஒவ்வொரு துணுக்கும் நாளைய நாற்று.

எனவே களையெடுப்பதற்கு ஒரு முறை வேண்டும். முதலில் பம்புகளை நிறுத்துங்கள். துணுக்குகள் சிதறாமல் இருக்கும். எடுக்க முடிந்த கல்லைத் தொட்டி நீர் நிரப்பிய வாளிக்கு மாற்றுங்கள். கொடியின் நுனியைக் கண்டுபிடித்து, பிடிப்புகளோடு மெல்ல உரித்தெடுங்கள். இடுக்குகளுக்கு இடுக்கியும், பிறகு பழைய பல்துலக்கியும் பயன்படும். அதே வாளி நீரில் கல்லை அலசிவிட்டுத் தொட்டியில் வையுங்கள். வாளி நீரைக் கொட்டிவிடுங்கள். வெளியே எடுக்க முடியாத கல்லில், ஒரு கையால் பிடுங்கும்போதே மறு கையில் மெல்லிய குழாயைப் பிடித்து, துணுக்குகளை நீரோடு உறிஞ்சி வெளியேற்றலாம். இப்படி வாரம் ஒரு முறை அரை மணி நேரம் செய்வது, மாதம் ஒரு முறை அரை நாள் செய்வதைவிடப் பலன் தரும். பாசி மீண்டும் பலம் பெறுவதற்குள் அடுத்த களையெடுப்பு வந்துவிடும்.

கையால் எடுப்பதற்கு வேறொரு பலனும் உண்டு. பாசியின் உடலில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அதோடு தொட்டியை விட்டே போய்விடுகின்றன. மருந்து ஊற்றிப் பாசியை உள்ளேயே சாகடித்தால் அது அழுகி, உறிஞ்சிய உரத்தையெல்லாம் திரும்ப நீரிலேயே விட்டுவிடும். அடுத்த பாசி அதைத் தின்று வளரும். ஒரே நேரத்தில் ஏராளமான பாசி அழுகினால் நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் சாகவும் கூடும்.

ஆடு மேயும், ஆனால் புழுக்கை போடும்

தோட்டத்தில் களையை ஆடு மேய்வது போலத் தொட்டியிலும் மேய்ப்பவர்கள் உண்டு. டர்போ, டிரோக்கஸ் நத்தைகள் மயிர்ப்பாசியைத் தின்னும். கடல் முள்ளெலி கல்லைச் சுரண்டித் தின்னும். மரகத நண்டு குமிழ்ப்பாசியைத் தின்பதுண்டு. ஆனால் எல்லா நண்டும் தின்னும் என்று சொல்ல முடியாது. டாங் எனப்படும் மீன்கள் நாள் முழுவதும் மேயும். நம்மூர்ச் சந்தையில் ‘இக்கான் டெங்கிஸ்’ என்றும், யாழ்ப்பாணத் தமிழர்கள் ‘ஓரா’ என்றும் சொல்லும் மீனின் உறவான நரிமுக மீன், மற்றவை தொடாத தடித்த பாசியையும் தின்பதால் பெயர் பெற்றது. அதன் முதுகு முள்ளில் நஞ்சு உண்டு; வெறுங்கையால் பிடிக்கக் கூடாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, டாங்கும் நரிமுக மீனும் ஓடியாடப் பரந்த இடம் தேவைப்படும் மீன்கள். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் பாசிக்காக அவற்றை வாங்கி அடைத்து வைப்பது கொடுமை. சிறு தொட்டிக்கு நத்தையும் ஒரு சிறு முள்ளெலியும் போதும். கடல் முயல் என்னும் ஓடில்லா நத்தை மயிர்ப்பாசியை வேகமாக மேய்ந்துவிடும். ஆனால் பாசி தீர்ந்ததும் அதற்கு உணவில்லை. பட்டினியால் செத்து நீரைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் அதை வேறொரு தொட்டிக்குக் கொடுக்க வழி இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

இரண்டாவது, ஆடு மேய்ந்தாலும் புழுக்கையை அங்கேயே போடும். மீனும் நத்தையும் தின்ற பாசியில் பெரும்பங்கு கழிவாகத் தொட்டிக்கே திரும்புகிறது. மேய்ப்பவர்கள் பாசியின் உயரத்தைக் குறைப்பார்கள். உரத்தை வெளியேற்ற மாட்டார்கள். அந்த வேலைக்கு நுரை பிரிக்கும் கருவியும், நீர் மாற்றமும், நம் கையும்தான் வேண்டும். நீர் மாற்றத்திலும் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. நைட்ரேட் 20 இருக்கும் தொட்டியில் 10 விழுக்காடு நீரை மாற்றினால் அது 18 ஆகும், அவ்வளவுதான். ஒரு முறை மாற்றிவிட்டுப் பயனில்லை என்று சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. வாரந்தோறும் மாற்றுவதும், உள்ளே வரும் உரத்தைக் குறைப்பதும் சேர்ந்துதான் அளவை இறக்கும்.

களையையே பயிராக்கலாம்

பாசி உரத்தை இழுக்கிறது என்றால், அதை நாம் விரும்பும் இடத்தில் வளர்த்து, அறுவடை செய்து எறியலாமே? பல பவளத் தொட்டிகளில் இதைத்தான் செய்கிறார்கள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியில் ஓர் அறையை ஒதுக்கி, தனி விளக்குப் போட்டு, நல்ல பாசியை வளர்க்கிறார்கள். மேல்தொட்டி நீர் அதன் வழியாகச் சுற்றி வரும்போது உரத்தைக் கீழே இருக்கும் பாசி எடுத்துக்கொள்கிறது. மேலே இருக்கும் பாசிக்குப் பங்கு குறைகிறது.

இதற்கு ஏற்றது கீட்டோ எனப்படும் கீட்டோமார்பா. சிக்கலான பச்சை நைலான் கயிறு போலப் பந்தாக வளரும். கல்லில் வேர் ஊன்றாது. கையால் அள்ளி எடுத்துவிடலாம். கிராசிலேரியா என்ற செம்பாசியையும் வளர்க்கலாம். அகார் அகார் எடுக்கப்படுவது இந்த இனப் பாசிகளிலிருந்துதான். டாங் மீன்களுக்கும் அது பிடித்த உணவு. சபாவின் செம்பொர்ணா கடலோரத்தில் கயிறு கட்டிக் கடற்பாசிப் பயிர் செய்கிறார்கள். அதைச் சிறு அளவில் அலமாரிக்குள் செய்வதாக எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் கீழ்த்தொட்டிக்கு காலெர்ப்பாவைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வேகமாக வளர்வது உண்மைதான். ஆனால் சில வேளைகளில் அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, உடலில் உள்ளதையெல்லாம் ஒரே இரவில் நீரில் வெளியேற்றிவிட்டு வெறும் வெள்ளைத் தோலாக நிற்கும். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி நீர் பாலாக இருக்கும். உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறும். அடிக்கடி அறுத்துக்கொண்டே இருந்தால் இந்த ஆபத்து குறையும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கீழ்விளக்கை இரவில் எரியவிடுவது வழக்கம். மேலே விளக்கு அணைந்த பின் பவளமும் பாசியும் உயிர்வளியை எடுத்துக் கரியமில வளியை விடுவதால் நீரின் அமிலத்தன்மை கூடும். அந்த நேரத்தில் கீழே இருக்கும் பாசி வெளிச்சத்தில் கரியமில வளியை எடுத்துக்கொண்டு அதைச் சமன்செய்யும். பந்து பெரிதாகி உள்ளே வெளிச்சம் போகாத நிலை வந்ததும் பாதியை எடுத்து எறிய வேண்டும். எடுக்காமல் விட்டால் உட்பகுதி அழுகி, சேர்த்து வைத்த உரம் நீருக்கே திரும்பும். அறுவடை செய்யாத பயிரால் பயனில்லை.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

பாசி பிடித்த கல்லை அடுப்பில் வேகவைக்கக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை இது. கல்லில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் எனப்படும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும்போது ஆவியோடு பரவி, வீட்டில் இருப்பவர்கள் எல்லாருக்கும் மூச்சுத் திணறலையும் காய்ச்சலையும் உண்டாக்கி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்குக் கொண்டுபோன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. இத்தகைய பவளம் உள்ள கல்லைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று அந்த வேலையே வேண்டாம்.

பிரையோப்சிசுக்கு மனிதர்களுக்கான பூஞ்சை மருந்தைப் பயன்படுத்தும் பழக்கம் சில நாடுகளில் உள்ளது. அது மருத்துவர் சீட்டில் தரவேண்டிய மருந்து. கையால் எடுத்தல், உரக் குறைப்பு, மேய்ச்சல் ஆகிய மூன்றையும் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. செம்பு கலந்த பாசிக்கொல்லிகளைப் பவளத் தொட்டியில் ஒரு சொட்டும் விடக் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் செம்பு நஞ்சு.

புலாவ் பாயார், ரெடாங், தியோமான் போன்ற தீவுகளுக்குச் சுற்றுலா போகும்போது கல்லையோ பவளத்தையோ பாசியையோ எடுத்து வரக் கூடாது. கடற்பூங்காப் பகுதியில் அனுமதியின்றிக் கடல் உயிரினத்தையோ தாவரத்தையோ, உயிருள்ளதாயினும் இல்லாததாயினும், எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்லாக வளரும் பவளங்களின் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கடைகளில் வாங்கும்போதும் வளர்ப்பில் பெருக்கிய துண்டுகளைக் கேட்டு வாங்குவது கடலுக்குச் செய்யும் நன்மை.

பிடுங்கிய பாசி எங்கே போகிறது?

களையெடுத்த பாசியை லோங்காங்கில் கொட்டுவது எளிது. லோங்காங் ஆற்றுக்குப் போகிறது. ஆறு கடலுக்குப் போகிறது. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்த ‘இக்கான் பண்டாராயா’ இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிக் கிடப்பதைப் பார்க்கிறோம். யாரோ சிலர் வேண்டாம் என்று விட்டதன் பலன் அது.

பாசியிலும் இது நடந்திருக்கிறது. மீன்காட்சியகங்களில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற இனம், 1984இல் மொனாக்கோவின் கடலடியில் சிறு திட்டாகக் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளில் படர்ந்து, உள்ளூர்க் கடற்புல் வெளிகளை மூடியது. 2000ஆம் ஆண்டில் அதே பாசி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு காயலில் தென்பட்டது. அதைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி ஒழிக்கப் பாடுபட்டார்கள். முற்றாக ஒழிந்தது என்று 2006இல்தான் அறிவிக்க முடிந்தது. அதற்குள் பல மில்லியன் டாலர் செலவாகிவிட்டது. கலிபோர்னியா மாநிலம் காலெர்ப்பா இனங்கள் பலவற்றை வைத்திருப்பதையே தடை செய்தது.

நம் கடலில் பல காலெர்ப்பா இனங்கள் இயற்கையாகவே உண்டு. ஆனால் கடையில் வாங்கியது எந்த நாட்டுக் கடலைச் சேர்ந்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது. ஆகவே பிடுங்கிய பாசியை வெயிலில் சருகாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். நன்னீரில் உப்புப் போக நன்கு அலசி, காய்ந்த பின் மக்கவைத்தால் பூச்செடிக்கு உரமாகவும் ஆகும். மீன்தொட்டியில் தொல்லையாக இருந்த அதே நைட்ரஜனும் பாஸ்பரசும் அங்கே செடிக்குப் பயன்படும்.

மூன்று மாதத் திட்டம்

முதல் வாரம்: பாசி எந்த வகை என்று அடையாளம் காணுங்கள். நைட்ரேட், பாஸ்பேட், உப்பளவு, வெப்பநிலை ஆகியவற்றைச் சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். உப்பளவு லிட்டருக்கு 35 கிராம் அளவிலும், வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். உணவுப் பொறுப்பை ஒருவரிடம் விடுங்கள். விளக்கு 10 மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் 8 மணி நேரமாகக் குறையுங்கள். சன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள்.

முதல் மாதம்: வாரம் ஒரு முறை களையெடுப்பும், 10 விழுக்காடு நீர் மாற்றமும். நீரோட்டம் இல்லாத மூலைகளில் தேங்கும் கழிவை உறிஞ்சி எடுங்கள். வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒரு முறை அலசுங்கள் அல்லது மாற்றுங்கள். அழுக்கான பஞ்சு உரக் கிடங்கு.

இரண்டாம் மாதம்: தொட்டியின் அளவுக்கேற்ப நத்தைகளைச் சேர்க்கலாம். பாசி உயரமாக இருக்கும்போது நத்தையால் மேய முடியாது. கையால் எடுத்த பின் மிஞ்சும் குட்டையான பாசியைத்தான் அது நன்றாக மேயும். இடம் இருந்தால் கீழ்த்தொட்டியில் ஒரு கைப்பிடி கீட்டோவைத் தொடங்குங்கள்.

மூன்றாம் மாதம்: நோட்டைப் புரட்டுங்கள். எண்கள் ஒரே நிலையில் நிற்கின்றனவா, பிடுங்கும் பாசியின் அளவு வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வழி சரி. காலியான இடத்தில் இளஞ்சிவப்புப் பூச்சும் பவளமும் பரவத் தொடங்கும். அதன் பிறகு பாசிக்கு இடமிருக்காது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு பவளத் துண்டையும் உற்றுப் பார்த்து, அடிக்கட்டையில் பச்சையாக ஏதேனும் இருந்தால் சுரண்டிவிட்டு, முடிந்தால் சில வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்து பிறகு சேர்ப்பது இனி வழக்கமாக வேண்டும்.

தொட்டி தொடங்கிய முதல் ஆண்டில் பாசி வருவது, கன்று நட்ட முதல் ஆண்டில் களை மண்டுவதைப் போன்றது. இளங்கன்றின் அடியில் வட்டம் போட்டுக் களையெடுத்தவர்கள், மரம் நிழல் பரப்பிய பிறகு அந்த வேலை பாதியாகக் குறைவதைக் கண்டவர்கள். பவளத் தொட்டிக்கும் அந்த நிழல் காலம் வரும். அதுவரை வாரத்துக்கு அரை மணி நேரமும், ஒரு வாளியும், ஒரு பழைய பல்துலக்கியும் கையில் இருக்கட்டும்.